றெஜி வாசித்த கட்டுரை

கண்டி
12.03.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதம் எப்போது அளம்பிலுக்கு வந்து சேருமோ தெரியாது.

சின்ன விஷயமொன்று நடந்தது, யோசிக்க வேண்டாம். விக்டோரியா மகாராணி காலத்துப் பெண்ணொருவர் எழுதிய நாவலைப் பற்றி மூன்று மாதமாகக் கட்டுரை எழுதினேன். அதில் மனைவி படும் துன்பம் முழுவதையும் ஓர் ஆண்தான் சொல்கிறான். பெண் எழுத்தாளர் ஏன் கதையை அவன் வாயில் கொடுத்தார் என்பதே என் கேள்வி. அப்பா கடலில் காணாமல் போனபோது ஊர் விதானையாரிடம் சித்தப்பாவே எல்லாம் சொல்ல, நீங்கள் பேசாமல் இருந்ததையும் எழுதியிருந்தேன்.

நீங்கள் எனக்குப் பேசிவைத்த றெஜி, பிழை பார்த்துத் தருவதாக அதை வாங்கிப்போனார். வியாழக்கிழமை எங்கள் வகுப்பில் தன் கட்டுரையென்று வாசித்தார். உங்கள் மௌனத்தைத் தன் தாயின் மௌனம் என்றார். அந்த மாமி என்றைக்கம்மா பேசாமல் இருந்தவர்?

வெளியே மறித்துக் கேட்டேன்.

"கட்டப்போற ஆக்கள்தானே, உன்ர என்ன, என்ர என்ன?" என்று சிரித்தார்.

"அப்ப ஏன் என்ர பேரைச் சொல்லேல்ல?"

"பொம்பிளை எழுதினது எண்டா அழுகைக் கதை எண்டுவினம். நான் சொன்னபடியாத்தான் எல்லாரும் கேட்டவை."

நான் முதலில் கையால் எழுதிவைத்த கொப்பியை விரிவுரையாளரிடம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் இல்லை. கூடப் படிப்பவர்கள் என்னோடு கதைப்பது குறைவு. இங்கே குளிர். யாராவது வந்தால் கொஞ்சம் கருவாடும், நீங்கள் உடுத்த பழைய சேலையொன்றும் கொடுத்துவிடுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கலியாணத் திகதி கேட்டு மாமி வந்தால், "அவள் மாட்டன் எண்டிட்டாள்" என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்
யசிந்தா