தாண்டு பொத்தான்

மார்ச் 4

கடை திறந்ததுமே டிவி சேனல்காரர் வந்து நின்றார். டை, சென்ட் வாசனை. நான் விற்கும் ரெக்கார்டர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இதுல நிகழ்ச்சியப் பதிஞ்சு வெச்சுக்கறாங்க, சொந்தக்காரங்களுக்கு வேற அனுப்பறாங்க. அதுகூடப் பரவால்ல சார். விளம்பரத்தத் தாண்டிடறாங்க பாருங்க, அது திருட்டு."

திருட்டாம்! என் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு!

"தம்பி, விளம்பரம் வந்தா நான் பாத்ரூம் போவேன். அதுவும் திருட்டா?" என்றேன். கடையே சிரித்தது, அவரைத் தவிர. வீட்டுக்கு வந்து சொன்னேன், மனைவியும் சிரித்தாள்.

மார்ச் 9

வக்கீல் நோட்டீஸ். பெட்டி விற்பதை நிறுத்தாவிட்டால் வழக்காம். கடையே அந்தப் பெட்டியால்தான் ஓடுகிறது. அது போனால் மிச்சம் பல்பும் ஒயரும். தூ! என் கடை விளம்பரமும் இதே சேனலில்தான் ஓடுகிறது. அதற்குக் காசு வாங்கிப் போட்டுக்கொள்ளும்போது நான் திருடனாகத் தெரியவில்லையா?

மார்ச் 10

தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பெட்டியிலிருந்து அனுப்பிய சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவே திரையில் நான் — கோட்டு, கூப்பிய கை, "வாங்க, நம்ம கடைக்கு…" முடிப்பதற்குள் தாண்டிவிட்டாள்.

"ஏய், அது நான்டீ!"

"தெரியும்ணே. கை தானாப் போயிடுது."

அவள் புருஷன் வேறு: "நேர்ல வந்தாத்தான் மச்சான், உங்களத் தாண்ட முடியறதில்ல."

யார்மேல் கோபப்பட? பொத்தானை விற்றவனே நான்தானே.

மார்ச் 15

மறுபடி சேனல்காரர், இந்தத் தடவை சிரித்த முகமாக. அவர்களே ஒரு பெட்டி கொண்டுவருகிறார்களாம். பதியலாம், அனுப்பலாம், தாண்டலாம் — அவர்கள் குறித்து வைத்த விளம்பரங்களை மட்டும் தாண்ட முடியாது. "உங்களோடதையும் அதுல சேத்துடறோம் சார். இங்க நீங்க ஒருத்தர்தான் விப்பீங்க. வழக்கெல்லாம் இருக்காது."

"அப்ப அந்தத் திருட்டு?"

"அது அன்னிக்கு சார்."

கூசாமல் சொல்கிறான். டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 16

கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏப்ரல் 2

புதுப் பெட்டியை வீட்டில் மாட்டினேன். சீரியல் நடுவே கோட்டும் கூப்பிய கையுமாக வந்தேன். மனைவி பொத்தானை அழுத்தினாள். இன்னொரு தடவை, பலமாக. ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க?"

"பாத்ரூமுக்கு. ஏங்க, அதுவும் திருட்டா?"

அவள் திரும்பி வரும்வரை அறையில் நானும் அந்தக் கோட்டுக்காரனும்தான். பார்க்கச் சகிக்கவில்லை. பொத்தானை நானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.