மூன்றாவது கூண்டின் எலிகள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். அடுத்த வரியாக உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் பழக்கம், இன்று பேனா அங்கேயே நின்றுவிட்டது, அறியப் பயமாக இருக்கிறது. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, தப்பித் தவறி எடுத்தாலும் "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். அதனால் கையால் எழுதுகிறேன், எழுத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது. அம்மா இதைத் தன் போனில் படம் பிடித்து அனுப்புவாள், என் எண்ணிலிருந்து வந்தால் நீ திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் மாமாவைப் பற்றி வரும் பக்கத்தை மட்டும், கூடப்பிறந்த பாசத்தில், அவள் மங்கலாகப் பிடித்துவிடாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் ஈரம் ஏறுவதாக வந்து நின்றார், போன மழைக்கு நம் ஜன்னல் கண்ணாடியை அவர் பையன் பந்தால் உடைத்தபோது மட்டும் அவருக்குக் காது கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆய்வகத்தின் சாவியை என்னிடமிருந்து வாங்கி உடற்பயிற்சி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறார்கள். அமில பாட்டில்களை இனிமேல் அவர் விசில் அடித்து வரிசையில் நிறுத்துவார் போலிருக்கிறது. இதையெல்லாம் நினைத்துத்தான் நேற்று சாயங்காலம் வரை என் மனம் புகைந்துகொண்டிருந்தது. அப்போது உன்னோடு பேசி முடித்துவிட்டு அம்மா சிரித்த முகத்தோடு வந்தாள். "அந்த முதலாளியம்மா தங்கமான மனுஷிங்க, வேலைக்கு வர்ற அத்தனை பேருக்கும் காலையில உரிச்ச பூண்டைத் தேன்ல போட்டு அவங்க கையாலயே தர்றாங்களாம், ஈரலுக்கு நல்லதாம்" என்றாள். எனக்கு உடனே உறுத்தியது. ஒரு டிரை கிளீனிங் கடை முதலாளிக்குத் தன் ஆட்களின் ஈரல் மேல் என்ன அக்கறை? மூட்டுவலி இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஈரலுக்கு ஏன் வருகிறார்? இதைக் கேட்டதற்கு உன் அம்மா, "நல்லது செஞ்சாலும் உங்களுக்குச் சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், உனக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டுகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, சிறுநீர் கறுத்த டீ மாதிரி போகிறது, எல்லாம் சூடு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். இது சூடு இல்லை சின்னு.

நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நீ சொன்னதெல்லாம் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. கடையின் முன்பக்கம் கண்ணாடி, விளக்கு, பூங்கொத்து. நீங்கள் வேலை செய்யும் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே புகையை வெளியே தள்ளும் ஒரு காற்றாடி, அதுவும் ஓடாது, அதன் வாயில் அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள். துணி வெளுக்கும் அந்தத் திரவத்தை நீங்கள் பெர்க் என்று செல்லமாகக் கூப்பிடுகிறீர்கள். வாரக் கடைசியில் இயந்திரத்தின் அடிக்கலத்தைத் திறந்து, அது ஆறுவதற்கு முன்பே, அடியில் தங்கிய கறுப்புச் சேற்றை நீதான் கரண்டியால் சுரண்டி எடுக்கிறாய், ஏனென்றால் உன் கைதான் மெலிந்த கை. இனிப்பான வாசனை என்றாய். "சாயங்காலம் லேசா மிதக்கிற மாதிரி இருக்குப்பா, செலவில்லாம போதை" என்று சிரித்தாய். நான் திட்டினேன், நீ போனை வைத்தாய், அதோடு சரி. இந்த வேலையை உனக்குப் பிடித்துக் கொடுத்த உன் மாமா ஊரெல்லாம் பெருமை பேசுகிறார், "நம்ம பொண்ணு மிஷின் செக்‌ஷன் இன்சார்ஜ்" என்று. ஒரு நாளாவது அந்த அறைக்குள் அவர் தலையை நீட்டிப் பார்த்திருப்பாரா? பட்டம் வாங்கிய பெண்ணை ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வைத்ததற்கு நான் அவரை மன்னிக்கப் போவதில்லை, இதை அம்மா படித்தாலும் பரவாயில்லை.

பூண்டைப் பற்றி உன் முதலாளியம்மா சொல்வது பொய் இல்லை, அதுதான் எனக்குப் பயம். பொய்யாக இருந்தால் உதறிவிட்டுப் போகலாம். நீ பிறப்பதற்கு முன்னால் நான் பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தேன். எலிகளுக்கு நாங்கள் கொடுத்த விஷம், ஒரு காலத்தில் உங்கள் தொழிலில் துணி வெளுக்கப் பயன்பட்ட அதே திரவம், உங்கள் பெர்க்குக்கு அக்கா என்று வைத்துக்கொள். ஈரல் அந்த மாதிரி விஷத்தை உடைக்கப் பார்க்கும், உடைக்கும்போது தெறிக்கும் துணுக்குகள் ஈரலின் செல் சுவர்களையே கடித்துத் தின்ன ஆரம்பிக்கும். இரும்பு துருப்பிடிப்பது மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். பூண்டிலிருக்கும் கந்தகச் சத்து அந்தத் துணுக்குகளை மடக்கிப் பிடிக்கிறது, ஈரல் தன்னிடம் வைத்திருக்கும் காவலும் சீக்கிரம் தீர்ந்துபோகாமல் தாங்கிக் கொடுக்கிறது. பூண்டுச் சாறு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட எலிகளின் ஈரல், வெறும் விஷம் மட்டும் வாங்கிய எலிகளுடையதை விட எவ்வளவோ தேவலை. என் கையால் அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவன் நான். அந்த வேலைக்குத் தன் மருமகன் பெயரைப் போட்டுக்கொண்டு என்னை வெளியே தள்ளிய பேராசிரியர், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு "பூண்டு ஈரலைக் காக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து உலகம் முழுக்க அந்த ஒரு வரிதான் சுற்றுகிறது.

அவர் சொல்லாமல் விட்டது மூன்றாவது கூண்டு. ஒன்றில் விஷம் மட்டும் வாங்கிய எலிகள், இன்னொன்றில் பூண்டும் விஷமும் வாங்கிய எலிகள், மூன்றாவதில் எதுவுமே கொடுக்கப்படாமல் சும்மா தின்று தூங்கிய எலிகள். அந்த மூன்றாவது கூண்டின் ஈரல் பளபளவென்று இருக்கும் சின்னு. பூண்டு தின்ற எலியின் ஈரல் ஒருநாளும் அதற்கு ஈடாகவில்லை, சிதைவு குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதுவும் எத்தனை காலத்துக்கு? நாங்கள் விஷம் கொடுத்தது கொஞ்ச நாள், உனக்கு அது தினமும் கிடைக்கிறது. உன் முதலாளியம்மா உங்களை இரண்டாவது கூண்டில் போட்டுவிட்டு அதற்குத் தாய்ப்பாசம் என்று பெயர் வைத்திருக்கிறார். காற்றாடியைப் பழுது பார்ப்பதை விடப் பூண்டு உரிப்பது சுலபம். "எங்கம்மா மாதிரிப்பா" என்று நீ சொல்லியிருக்கிறாய், அம்மா மாதிரி என்றால் முதலில் அந்த அட்டையை உருவி எறிந்திருப்பார். அவரோடு சண்டை போட வேண்டாம், உன்னால் சண்டை போட முடியாது என்று எனக்குத் தெரியும், அந்தக் குணம் மட்டும் நல்லவேளையாக உன் அம்மாவிடமிருந்து வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வா, போதும்.

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று கண்ணாடியில் உன் கண்ணின் வெள்ளையைப் பார். குழல் விளக்கில் பார்க்காதே, அதில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும். தலைவலிக்கென்று கண்ட மாத்திரை போடாதே, சிலது நேராக ஈரலில் போய் உட்காரும். நீ வாங்கி வைத்திருப்பதாக அம்மா சொன்ன பூண்டு மாத்திரையையும் இப்போதைக்கு நிறுத்து. சமையலில் போடுகிற பூண்டை நான் ஒன்றும் சொல்லவில்லை, சாறு இறக்கிக் குப்பியில் அடைத்தது வேறு சங்கதி, அளவு மீறிக் கொடுத்தபோது அதுவே எலியின் ஈரலைப் புண்ணாக்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். சேறு சுரண்டும் வேலைக்கு இனி நீ போகக் கூடாது. உன்னோடு வேலை பார்க்கும் அந்தக் குண்டுப் பெண்ணிடமும் சொல், அவளுக்கும் ஒரு வீடு, ஒரு அப்பன் இருப்பான்.

இன்னொன்று. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, விடிந்ததும் நான் அந்தப் பேராசிரியருக்கே போன் செய்தேன். அவர் செத்தால் மாலை போடக்கூடப் போகமாட்டேன் என்று உன் அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், நான் போன் செய்யும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். என் குரலைக் கேட்டதும் அவர், "என்னப்பா, நல்லா இருக்கியா" என்றார், நேற்றுதான் பிரிந்தவர் மாதிரி. திட்டுவதற்கு இவ்வளவு வருஷம் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. உன் விவரத்தைச் சொன்னேன். பூண்டு கொடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "காத்தாடி ஓடலையா" என்று மட்டும் கேட்டார். அவரிடம் படித்த ஈரல் டாக்டர் ஒருவர் நீ இருக்கும் ஊரிலேயே இருக்கிறாராம். சற்று நேரத்தில் பேராசிரியரே திரும்பக் கூப்பிட்டு, நாளைக் காலை முதல் ஆளாக உன்னைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார், முகவரியை அம்மா தனியாக அனுப்புவாள். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, தலை குழம்பினாலோ நாளை வரைக்கும் காத்திருக்காதே, எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே போ. நான் பேராசிரியருக்கு நன்றி சொன்னேன்.

நீ எங்கே இருந்தாலும் நோயில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறக்காமல் வெறும் வயிற்றோடு போ, ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். எண்கள் எல்லாம் சரியாக வந்தால், அப்பா எப்போதும் போல ஊதிப் பெரிதாக்கினார், சந்தேகப் பிராணி என்று மாமாவிடம் சொல், கீழ்வீட்டுக்காரர் வரைக்கும் போய்ச் சேரட்டும். என் வாழ்நாளில் முதல் முறையாக, நான் நினைத்தது தப்பாகப் போக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா