அவரைச் சுட்ட மாலையில்

அக்கா,

இன்று காலை ஆசாரி வந்து பின்கதவைக் கழற்றிப் போட்டார். "கரையான் அரிச்சுப் போச்சுங்க. இனி அடுப்புக்குத்தான் ஆகும்" என்றார். அந்தப் பலகையின் புழுங்கிய மர வாடை என்னை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது. சங்ககிரியில் உங்கள் வீட்டுப் புழக்கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் தலைவர் நம் ஜில்லாவுக்கு வந்தார். ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு உங்கள் வீட்டுக்காரரே நமக்கு வண்டி கட்டினார். கூட்டத்தில் நம் கண்ணுக்குக் கிடைத்தது தூரத்தில் ஒரு வழுக்கைத் தலை மட்டும். இந்துவும் முஸ்லிமும் ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சாமல் வாழவேண்டும் என்று அவர் பேசியதை யாரோ தமிழில் சொன்னார்கள். "நாம அப்படித்தான இருக்கறோம் அம்மிணி? இதைச் சொல்லவா இத்தன தூரம் வந்தாரு?" என்று சிரித்தீர்கள்.

பிறகு நாடு இரண்டானது. வடக்கே நடந்த வெட்டும் குத்தும் பத்திரிகையில் வந்தன. பழகியவர்களே, முஸ்லிம் கடை என்று, உங்கள் கடையைப் பார்க்காததுபோல் கடந்துபோனார்கள். டெல்லியில் அவர் உண்ணாவிரதம் இருந்தபோது நாம் இருவரும் ஒருவேளைச் சோற்றை விட்டோம். "இந்த மனுசன் இருக்கற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது" என்றீர்கள். அந்த 'வரைக்கும்' எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்த உண்ணாவிரதம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தை மாதம், விளக்கு வைக்கும் நேரம். கடைவீதியில் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக அடைக்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தலைவரச் சுட்டுப் போட்டாங்களாம். சுட்டது முஸ்லிம்னு பேசிக்கறாங்க. சந்தப்பேட்டையில தடியோட ஆளுக சேர்றாங்க. ஆரு வந்தாலும் கதவத் தொறக்காத."

சொல்லிவிட்டு, மேற்கொண்டு சேதி கேட்க ரேடியோ இருந்த கடைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு தட்டப்பட்டது.

"அம்மிணி, நாந்தான். அவரு கடையில மாட்டிக்கிட்டாரு. பிள்ளைகள மட்டுமாவது உள்ள உட்டுக்க சாமி."

தாழ்ப்பாளில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது. உங்கள் சின்னவள் விசும்புவதும், நீங்கள் அவள் வாயைப் பொத்துவதும் கேட்டன. தெருப்பக்கம் இரைச்சல் நெருங்கி வந்தது. என் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். மறுபடி தட்டினீர்கள். மூன்றாம் தரம் தட்டவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. வாசலில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "முஸ்லிம் இல்லயாம். நம்மாளுகள்ல ஒருத்தன்தானாம். ரேடியோவுலயே சொல்லீட்டாங்க."

தெரு இரைச்சல் அடங்கிப்போனது. நம்மாளுகளில் ஒருவன் என்று தெரிந்த பிறகு, தடியோடு யாரும் எங்கள் கதவைத் தேடி வரவில்லை.

அப்போதுதான் திறந்தேன். துவைக்கல்லுக்குப் பின்னால் இரண்டு பெண்களையும் மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைக் கண்டதும், "போயிட்டாராமே அம்மிணி, அந்த மனுசன்" என்று என் தோளில் விழுந்து அழுதீர்கள். உங்களுக்காக அழவில்லை. தலைவருக்காக அழுதீர்கள்.

கடையிலிருந்து உங்கள் வீட்டுக்காரரும் உயிரோடு வந்து சேர்ந்தார். மறுநாள் நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் சொன்னீர்கள்: "நேத்து நீ அடுப்படியில இருந்திருப்ப. தட்டுனது காதுல உளுந்திருக்காது."

நான் தலையாட்டினேன். அதற்குப் பின் நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கண் மூடும் வரை என்னிடம் பழைய பிரியம் மாறாமல் இருந்தீர்கள்.

இப்போது தலைவர் நினைவு நாளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கிறார்கள். அவரை நேரில் பார்த்தவள் என்று நாற்காலி போடுகிறார்கள். அந்த வண்டிப் பயணத்தைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்ததைச் சொல்கிறேன். கைதட்டுகிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காதில் விழுந்தது, அக்கா. முதல் தட்டலிலேயே நீங்கள்தான் என்று தெரிந்தது.