சடையன் இழுத்துக்கொண்ட கால்

சிரம்பான் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவனுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். தாதிப் பரீட்சையில் என் மகள் இரண்டே மார்க்கில் தவறினாள். பரீட்சைக்காக ஆஸ்பத்திரியில் அவளுக்கு நோயாளியைப் பொறுக்கிக் கொடுத்தவன் நீ.

வார்டில் அத்தனை பேர் கிடக்க, பெடாஸிலிருந்து வந்த என் ரப்பர் தோட்டத்துக் கூலி சடையன்தானா உனக்கு அகப்பட்டான்? அவன் கால் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். அவள் குனிந்ததும் காலை இழுத்துக்கொண்டானாம். "கிராணி ஐயா மக என் காலைத் தொடுறதாவது! ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தோட்டத்தை விட்டே விரட்டிடுவாரு, தாயி!" அவள் கெஞ்சி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.

என் எதிரில் எந்த ஆளும் செருப்போடு நடக்கமாட்டான். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய். தோட்டத்தில் கணக்கெழுதி ஆட்களை மேய்க்கும் இந்தக் கிராணி வேலை உனக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்ததை நீ இன்னும் மறக்கவில்லை.

அவளோ, "மாமா மேல தப்பில்லப்பா. அடுத்த தடவை உங்களைத் தெரியாத ஆளா கொடுக்கச் சொல்லுங்க, போதும்" என்கிறாள். உலகம் தெரியாதவள்.

மாசியில் மறுபரீட்சை. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோலா பிலா பக்கத்து ஆளோ, சீனனோ, மலாய்க்காரனோ, யாரையாவது கொடு. என்னைக் கண்டு பயப்படாதவனாக இருக்கட்டும்.

இதன் அடியில் என் பேர் இருந்தால் அதையே சாக்காக்கி அவளை மறுபடியும் கவிழ்ப்பாய். என் பேரால் அவள் ஒருமுறை தோற்றது போதும். பேர் எழுதாமலே தபாலில் போடுகிறேன்.