ஓவியத்துக்கு மாற்றாக

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.03.2025

அன்புள்ள தம்பி சிவரூபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் வீட்டிலுள்ள எல்லோரும் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டிக்கொள்கிறேன். கையால் கடிதம் எழுதிப் பல வருடமாகிவிட்டது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். மூன்று தரம் சொல்ல வெளிக்கிட்டேன். மூன்று தரமும் நீ சந்தோசமாகக் கதைத்துக்கொண்டே போனாய். நான் ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் வீட்டுப் புதினம். நீ வருகிறாய் என்று முன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினேன். இங்கத்தைய வெக்கை உனக்கு இனித் தாங்காது என்று உன் மகள் ஜதுசா சொன்னதால் மின்விசிறியையும் மாற்றினேன். மான்களின் தொல்லைதான் பெரிய தொல்லை. கோட்டைக்குள் நின்றவை இப்போது பஸ் நிலையம், சந்தை என்று எல்லா இடமும் திரிகின்றன. போன கிழமை படலையைச் சாத்த மறந்துவிட்டேன். உனக்கென்று போட்ட கீரைப் பாத்தியைக் குடும்பமாக வந்து முடித்துவிட்டுப் போயின. நான் தும்புத்தடியோடு நின்று ஏச, அவை என்னமோ நான்தான் அழையாமல் வந்த ஆள் என்பதுபோல என்னைப் பார்த்தன. இந்த வீட்டில் நான் ஏசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

நீ அங்கே போன ஏலத்தின் படங்கள் எல்லாவற்றையும் ஜதுசா எனக்கு அனுப்பியிருந்தாள். பழைய வாள்கள், சீனக் கிண்ணங்கள், யாரோ பிரபு வீட்டு ஓவியங்கள், பிறகு கண்ணாடித் தட்டில் வரிசையாகப் பதக்கங்கள். அவற்றின் நடுவில், காணாமல்போன எங்கள் அப்பாவின் பதக்கம். ஒரு பக்கம் ராணியின் தலை, விளிம்பில் அப்பாவின் பெயர். கடற்படை டொக்யாட்டில் இருபத்தைந்து வருடம் கொதிகலன் திருத்திய மனிசனுக்கு, வெள்ளைக்காரன் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். நீ அட்டையை உயர்த்திய கையை இறக்கவே இல்லையாம், மற்ற ஆள் சலித்துப்போய் விட்டுவிட்டாராம். ஏலக்காரர் பெயர் கேட்க, "சின்னப்போடி" என்றாயாம். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாராம், உன்னைப் பார்த்தாராம், பிறகும் தாளைப் பார்த்தாராம். நீ இருக்கும் நாட்டுக்காரர் அப்பாவின் பெயரை உனக்குச் சூட்டி மிஸ்டர் சின்னப்போடி என்று கூப்பிடுவதை நான் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். இதை ஜதுசா சொல்லும்போது எனக்குப் பகிடி வரவில்லை. அழுதுவிட்டேன். அவள் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்தாள்.

அன்றைக்கு நீ தொலைபேசி எடுத்துச் சொன்னது ஒவ்வொரு சொல்லும் என் காதில் இருக்கிறது. "அக்கா, அப்பான்ர மெடல் கிடைச்சிட்டுது. அதோட தந்த தாளில, அது வெள்ளைக்காரனிட்டப் போன திகதியும் போட்டிருக்கு, எண்பத்திமூண்டு மாசி. அந்த மாசம் முழுக்க நான் மட்டக்களப்பில படிச்சுக்கொண்டு நிண்டனான். இனி ஆரும் என்னைக் கள்ளன் எண்டு சொல்லேலாது" என்றாய். கள்ளன் என்ற பெயரோடு திருகோணமலையில் கால் வைக்கமாட்டேன் என்று நாற்பத்திரண்டு வருடம் இருந்தவன், அன்றே டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. 'திருகோணமலையில், ஓர் ஓவியத்துக்கு மாற்றாகப் பெறப்பட்டது' என்று. அது என்ன என்று நான் கேட்டதற்கு நீ சிரித்தாய். "எங்கட வீட்டில என்ன ஓவியம்? கலண்டரைத் தவிர ஒண்டும் இருக்கேல்லையே. எவனோ களவெடுத்து வெள்ளைக்காரனிட்டக் குடுத்திருக்கிறான், அவங்கள் சும்மா கதை எழுதியிருக்கிறாங்கள்" என்றாய்.

தம்பி, அது சும்மா கதை இல்லை. அந்த ஓவியம் என்னுடையது. பதக்கத்தைக் கொடுத்தவள் நான்.

இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நான் அப்போது கப்பல் முகவர் கந்தோரில் தட்டச்சு வேலை. பாய்மரப் படகில் ஒரு வெள்ளைக்காரர் வந்து இரண்டு மாதம் துறைமுகத்தில் நின்றார். இரண்டாம் மகா யுத்தத்தில் கடற்படையில் இங்கே இருந்தவராம், வயது அறுபது இருக்கும். பத்திரங்களுக்காகக் கந்தோருக்கு வருவார், நாங்கள் தட்டி முடிக்கும்வரை இருந்து எதையாவது படமாகக் கீறுவார். ஒரு நாள் என்னைக் கீறட்டுமா என்று கேட்டார். எங்கள் தலைமை எழுதுவினைஞர் ஸெய்னுதீன் நானாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு முன்னால், கந்தோரிலேயே, வேலை முடிந்தபின் நான்கு பின்னேரம் இருந்தேன். ஒரு பிழையும் நடக்கவில்லை. பிழை பிறகுதான் நடந்தது.

எனக்கு அப்போது இருபத்தேழு. பெண் பார்க்க வந்த மூன்று பகுதியும் நிறம் காணாது என்று போனவர்கள். மூன்றாவதாக வந்த தாய், நான் பலகாரத் தட்டோடு நிற்கும்போதே மகனின் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் படத்திலும் நான் கறுப்புத்தான். அவர் ஒன்றையும் வெளுப்பாக்கவில்லை. யன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழ, தட்டச்சு இயந்திரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவளை யாரும் வேண்டாமென்று சொல்லியிருக்கமாட்டார்கள். அவ்வளவு வடிவு, தம்பி. எனக்கு அது வேண்டும் என்று கேட்டேன். விற்பதில்லை என்றார். அப்பாவைப் பற்றி முன்பே கதைத்திருந்ததால் பதக்கத்தைக் காட்டச் சொன்னார், கொண்டுபோய்க் காட்டினேன். தான் பதக்கங்கள் சேர்ப்பவர், இதைத் தந்தால் படத்தைத் தருகிறேன் என்றார். ஒரு நாள் யோசித்தேன். ஒரே ஒரு நாள். அது இருந்த பெட்டியை வைத்துக்கொண்டு பதக்கத்தை மட்டும் கொடுத்தேன். தூக்கினால் பாரம் தெரியவேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு பழைய பூட்டை வைத்தேன். இவ்வளவையும் யோசித்த எனக்கு, யாராவது பெட்டியைத் திறப்பார்கள் என்று மட்டும் யோசனை வரவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சித்திரை வருசத்துக்கு நீ மட்டக்களப்பிலிருந்து வந்து இரண்டாம் நாள். டொக்யாட்டுச் சிநேகிதர் ஒருவர் வர, காட்டுவதற்கென்று அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே பூட்டு. பள்ளிக்கூடக் காலத்தில் அப்பாவின் பித்தளைத் திசைகாட்டியை நீ விற்றது அவருக்கு ஆறாமலே இருந்தது. "அதை வித்துப் படம் பாத்தவன்தான் இதையும் வித்திருக்கிறான். இனி என்ர முகத்தில முழிக்காதை" என்றார். நான் குசினி வாசலில் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிச வேலை. அப்பா அடிப்பார் என்று பயந்தேனா, படத்தைக் கிழித்துப்போடுவார் என்று பயந்தேனா என்று எத்தனையோ தரம் என்னை நானே கேட்டிருக்கிறேன். படத்துக்குத்தான் பயந்தேன். உண்மையை எழுத வெளிக்கிட்டபிறகு அதை மட்டும் மறைத்து என்ன.

நீ கொழும்புக்குப் போன அன்று பஸ் நிலையத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றேன். நீ அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாய். ஊரே கள்ளன் என்றபோது அக்கா ஒருத்திதான் நம்பினாள் என்று ஜேர்மனியிலிருந்து வந்த உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை, தம்பி. எனக்குத் தெரியும். நான் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக நீ இவ்வளவு காலமும் என்னைத் தாங்கினாய். என் வயிற்று ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு மாதம் தவறாமல் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்து, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாய். இந்த வீட்டில் தொலைபேசி அடித்தால் அது நீதான், வேறு யாரும் எனக்கு எடுப்பதில்லை. அந்தச் சொல்லைத் திருத்தினால் தொலைபேசியும் நின்றுவிடும் என்ற பயத்திலேயே வருடங்கள் போய்விட்டன.

நீ போய் மூன்று மாதத்தில் கொழும்பில் ஆடிக் கலவரம். ஐந்து மாதம் உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. கடைசியில் அவர் பாயில் கிடந்த மாதத்தில் ஒரு நாள், கஞ்சி பருக்கும்போது, "அவனுக்கு நான் என்ன குறை வைச்சனான்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே" என்று என்னிடம் கேட்டார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

இவ்வளவும் நடந்தது ஒரு படத்துக்காக. அந்தப் படத்தை இத்தனை காலம் யாருக்கும் காட்டவும் ஏலாமல் போயிற்று. மாட்டினால் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டுமே. அலுமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே கிடந்தது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடியபோது பாய்க்குள் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அப்பா போனபிறகு மாட்டியிருக்கலாம்தான். யார் பார்க்க மாட்டுவது? போன ஞாயிற்றுக்கிழமை சட்டம் போடுவித்து முன் அறைச் சுவரில் மாட்டினேன். பக்கத்து வீட்டு ஹுஸ்னியா பின்னேரம் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். "என்ன வடிவு! ஆர் அன்ரி, உங்கட மகளா?" என்றாள். எட்டு வருடமாக என்னை ஒவ்வொரு நாளும் பார்க்கிற பிள்ளை. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று பஸ் ஏறிக் கிளிவெட்டிக்குப் போய்வந்தேன். அந்தக் காலத்து ஆட்களில் குழந்தைவேல் சித்தப்பா ஒருவர்தான் மிச்சம். நீ ஊரைவிட்டுப் போகுமுன் சொல்லிக்கொண்டு போகவென்று அவரிடம் போனபோது, உன்னைப் படலையோடு திருப்பி அனுப்பியவர். இப்போது தொண்ணூற்றொரு வயது, காது சுத்தமாகக் கேளாது. "நான்தான் மெடலை எடுத்தனான், சித்தப்பா" என்று பக்கத்தில் இருந்து சொன்னேன். "என்ன, பெடலோ?" என்றார். எழும்பி நின்று உரத்துக் கத்தவேண்டியதாயிற்று. "தம்பி எடுக்கேல்லை! நான்தான் எடுத்தனான்!" பக்கத்து வளவில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா படலைப் பக்கம் பார்த்தார். பிறகு, "அவன் அண்டைக்குத் தண்ணி கேட்டவன். நான் குடுக்கேல்லை" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் எழும்பி வந்துவிட்டேன். இனி உன் பெயரைச் சுத்தம் பண்ணுவதற்கென்று நீ பதக்கத்தைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. அந்த வேலை முடிந்தது.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் உனக்குத் தெரிய வந்திருக்காது. அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி நீ வந்திறங்கியிருப்பாய். பதக்கத்தை "உங்கட கையிலதான் தருவன், அக்கா" என்று சொன்னாயே, அப்படியே தந்திருப்பாய். வருசத்தன்று இந்த வீட்டில் இரண்டு இலை போட்டிருப்பேன். அந்த ஆசையில்தான் இரண்டு கிழமை இந்தக் கடிதத்தை எழுதாமல் இழுத்தேன். ஆனால் நீ நன்றி சொல்லி அதை என் கையில் வைத்தால், வாங்க எனக்கு ஏலாது. பதிவுத் தபாலில் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் கிடைக்கும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். நீ பிளேன் ஏறுமுன் உன் கைக்கு வந்துவிடும்.

வராமல் விட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன். நீயும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும், எனக்கு அது போதும் என்று எழுதத்தான் நினைத்தேன். போதாது, தம்பி. நீ வரவேண்டும். வந்து என்னோடு பேசவேண்டியதில்லை. முன் கதவு திறந்திருக்கும். நேரே உள்ளே போய், அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் பதக்கத்தை வை. அவரிடம் சொல்ல இருக்கிறதையெல்லாம், என்னைப் பற்றியும் சேர்த்துச் சொல். அந்நேரம் நான் பின்னுக்குக் கிணற்றடியில் நிற்பேன். நீ கூப்பிடாமல் உள்ளே வரமாட்டேன்.

எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். கூப்பிடு, தம்பி.

உன் நன்மையை வேண்டும்,
குணமணி