காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

9.9.81

வயிறு கெட்டு மூன்று மாதமாகிறது. இன்றும் செக்கானூரணியில் பாதியில் இறங்க வேண்டியதாயிற்று. கண்டக்டருக்கு என் முகம் பழகிவிட்டது. "போயிட்டு வாங்கம்மா, வண்டிய நிப்பாட்டுறேன்" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி. நல்ல மனுஷர். அதனால்தான் இன்னும் கூசியது. டீக்கடைக்குப் பின்னால் சாக்குப் படுதா. எட்டாம் வகுப்பின் முதல் பீரியட் போயிற்று. கே.கே. நகரிலிருந்து உசிலம்பட்டி வரை மறைவிடங்களை வைத்து ஒரு வரைபடமே போடலாம். பூகோள டீச்சர் அல்லவா!

14.9.81

டாக்டர் பசுபதி பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். கிருமி இல்லை.

"சீதபேதி போயிடுச்சும்மா. ஆனா அது வந்துட்டுப் போன குடல் சில பேருக்குப் பழையபடி ஆகிறதில்லை. உள்ளே நமக்கு வேண்டிய கிருமிகளும் கோடிக்கணக்கில் குடியிருக்கு. நோயும் மாத்திரையும் சேர்ந்து அதுகளையும் விரட்டியிருக்கும். மோர் குடி. கவலைப்பட்டா கூடப் படுத்தும்."

பிறகு, ஆரம்பித்தபோது வெளியில் எங்காவது சாப்பிட்டேனா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா: "கூட வேலை பாக்கறவ ஆத்துல சாப்ட்டா டாக்டர். ஏதோ கிராமம். சொன்னாக் கேட்டாத்தானே!"

அவர் எழுதிக்கொண்டார். நான் பரிசோதனைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

15.9.81

மோர் சாதம். வலி. என் வயிற்றுக்குள் யார் யாரோ குடியிருக்கிறார்களாம். அம்மாவுக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் தீட்டுக் கழிப்பாள்.

23.9.81

நான் படுத்து எழுந்ததிலிருந்து பாண்டியம்மாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஜன்னலோரம் தனியாக. இன்று அவளாகவே வந்தாள்.

"டீச்சர், கிணத்த எறச்சாச்சு. அப்பாவும் அண்ணனும் ரெண்டு நாளா. சேறு எம்புட்டுங்கறீங்க! பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கேன். தெருவுல எல்லாரையும் காச்சிக் குடிக்கச் சொல்லிட்டேன்."

விஞ்ஞான டீச்சர்; அந்தத் தெருவின் முதல் பட்டதாரி. அவள் வீட்டில் நான் சாப்பிட்ட அன்று எனக்கென்று தனியாகத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து, சொம்பில் மூடி வைத்திருந்தாள்.

"அப்படியும் உங்களுக்கு இப்படி ஆயிருச்சே" என்றாள்.

அவள் அப்பாவுக்கு அறுபது வயசு. எனக்காகக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார்.

24.9.81

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஜூன் ஏழு, ஞாயிறு. அவள் வீட்டில் சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும். திரும்பி வந்து அதைப் பெருமையாகச் சொன்னேன் — முட்டாள். அம்மா என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. மறுநாள் காலை வாத்தியாரைக் கூப்பிட்டுப் பிராயச்சித்தம், பஞ்சகவ்யம். பால், தயிர், நெய். கூடவே கோமியமும் சாணமும். அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், "ஒரு வாய்தானே பட்டு, குடிச்சுடேன். ஆத்துல சண்டை வேண்டாம்" என்றார்.

குடித்தேன். மூன்றாம் நாள் ரத்தமும் சீதமும்.

அவள் வீட்டில் என்னோடு சாப்பிட்டவர்கள் பதினாலு பேர். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

சொன்னால் அவள் கிணற்றின் மேல் பழி நீங்கும். ஆனால் எதைக் கழிக்க அதைக் குடித்தேன் என்றும் சொல்ல வேண்டுமே? எப்படிச் சொல்வது? எந்த வாயால்?

12.10.81

பாண்டியம்மாளிடம் சொல்லிவிட்டேன். விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டே கேட்டாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"யாராச்சும் வாயப் பிடிச்சு ஊத்துனாங்களா?"

"இல்லை."

"நீங்களா குடிச்சீங்க."

"ஆமாம்."

"எங்கப்பா பாக்குறவுக கிட்டயெல்லாம், நம்ம தண்ணியால அந்த டீச்சர் பிள்ள படுத்துருச்சேன்னு புலம்பிக்கிட்டுத் திரியுறாரு." கட்டைத் தூக்கிக்கொண்டாள். "பெல் அடிச்சிருச்சு. போறேன்."

13.10.81

அம்மாவிடமும் சொன்னேன். "பஞ்சகவ்யத்தைப் போய்ச் சொல்றியே, நாக்கு அழுகிப்போயிடும்டி." அப்பா பேப்பரைத் திருப்பினார்.

2.11.81

பாண்டியம்மாளின் அண்ணனுக்குக் கல்யாணம். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பத்திரிகை நீட்டினாள். எனக்கும்.

"இருபத்திரண்டு, ஞாயித்துக்கிழமை. அவசியம் வாங்க டீச்சர்." குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "சாப்பிடச் சொல்ல மாட்டேன்."

போவேன். போய் முதல் பந்தியில் உட்காருவேன்.

22.11.81

காலியாக இருந்தால் படுத்தாது என்று காலையில் மோர்கூடக் குடிக்கவில்லை. நாகமலை தாண்டியதும் முறுக்கத் தொடங்கியது. செக்கானூரணியில் இறங்கினேன். இன்று வேறு கண்டக்டர், பஸ் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏற முடியவில்லை. அதற்கடுத்ததிலும். பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். முகூர்த்தம் முடிந்து, முதல் பந்தியும் முடிந்திருக்கும். எதிர்ப்பக்கம் போய் மதுரை பஸ்ஸில் ஏறினேன்.

நாளை அவளிடம் வயிறு என்றுதான் சொல்ல வேண்டும். வயிறுதான். டாக்டரே சொன்னாரே.

பஸ் புறப்பட்டு இரண்டு மைல் போவதற்குள் வலி நின்றுவிட்டது.