மேசைக்காலில் அம்மன் மண்

கோமதி அக்காவுக்கு, அன்பும் கோபமும் குறையாமல் தம்பி எழுதுவது.

நீ மனு எழுதின மேசையைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் தொட விட்டிருக்க மாட்டாய். இப்போது என்ன செய்வாய்? முடிந்தால் வந்து தடுத்துப் பார்.

உன் மகள் செல்விதான் கூப்பிட்டாள். தாலுகா ஆபீசுக்கு எதிரே நீ உட்கார்ந்த இடத்தில் வருகிற திங்கட்கிழமை முதல் அவள் உட்காரப் போகிறாள். "மேசை ஆடுது மாமா. எழுதுதப்போ பேனா கோணிக்கிட்டுப் போவுது" என்றாள். நீ செத்துப்போன அன்றைக்குத் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவன் நான். இந்த மேசைக்காகத்தான் உன் வீட்டுக்குள் கால் வைத்தேன். வேறெதற்கும் இல்லை.

உப்புத்தாள் வாங்கப் போன கடையில் ஒருவன் புத்தி சொன்னான். "ஏன் அண்ணாச்சி இதோட மல்லுக்கட்டுதிய? மேல சன்மைக்காவ ஒட்டிட்டுப் போவியளா!"

"உம்ம நெத்தியில ஒட்டிக்கிடும்வே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எப்போதோ பூசின பச்சைப் பெயிண்டைச் சுரண்ட இரண்டு நாள் ஆயிற்று. அடியில் தேக்கு அப்படியே இருக்கிறது. இதை மூட உனக்கு எப்படி மனசு வந்தது? வலது ஓரத்தை மட்டும் நான் தேய்க்கவில்லை. திருவேங்கடத்திலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் வந்தவர்கள் மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் மிஞ்சின மையைத் துடைத்த இடம் அது. அதையும் பளபளப்பாக்கச் சொன்னாள் செல்வி. முடியாது என்றுவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். தூக்கட்டும்.

பிறகுதான் காலுக்கு வந்தேன். நம் சண்டைக்குக் காரணமான அந்த நான்காவது காலுக்கு.

மூடிப்போன வக்கீல் ஆபீசிலிருந்து மேசை உன்னிடம் வரும்போது அதற்கு மூன்று கால்தான். நான்காவது நான் செய்தது. பகலெல்லாம் தறி ஓட்டிவிட்டு, யாரிடமும் கைகட்டி நிற்காமல், பார்த்துப் பார்த்தே உளி பிடிக்கக் கற்றவன் செய்த முதல் சாமான். "என் தம்பி செஞ்ச காலு" என்று வருகிற ஆளிடமெல்லாம் காட்டினாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போயிருந்தது.

அந்தக் காலின் தலையில் எப்போதோ விரிசல் விட்டது. நீ என்ன செய்தாய்? அம்மன் கோவிலில் கொடுக்கிற புற்றுமண்ணைத் தீர்த்தத்தில் குழைத்து அதில் அப்பினாய். தேமலுக்கும் படைக்கும் பூசுகிற மண்ணை மரத்துக்குப் பூசினவள் இந்த ஊரிலேயே நீ ஒருத்திதான். ஆடித்தபசுத் திருவிழா வந்தால் போதும், புது மண், புது ஈரம். புற்றைக் கட்டுவதே கரையான்தானே அக்கா? கரையான் வீட்டு மண்ணையே காலுக்குள் வைத்தால் அது வராமல் எங்கே போகும்? மற்ற மூன்று காலும் கல் மாதிரி நிற்கின்றன. இது மட்டும் அவல் மாதிரி உதிர்ந்தது.

போன வருஷம் உளியோடு வந்து நின்றேனே, நினைவிருக்கிறதா?

"ஏலே, அம்மன் மண்ணு வச்சிருக்கேன். அதுல உளிய வைக்காத."

"கரையான் திங்குதுக்கா."

"திங்கட்டும். உன் மேசையவா திங்குது? பேசாம போலே."

போய்விட்டேன். என் கையைவிட மண்ணை நம்புகிறாயே என்கிற எரிச்சல். "ஊருக்கெல்லாம் மனு எழுதுதா, சொந்த மேசைக்கு மண்ணு பூசுதா" என்று டீக்கடையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் காதுக்கும் வந்திருக்கும்.

முந்தாநாள் அந்த மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். உள்ளே ஓர் இரும்பு ஆணி, பாதியில் வளைந்து கிடந்தது. நான் அடித்த ஆணி. மற்ற கால்களில் இரும்பே கிடையாது, எல்லாம் மரமுளை. எனக்கு அது அப்போது தெரியாது. முதலில் துளைகூடப் போடாமல் வாகைக் கட்டையில் நேராக அடித்திருக்கிறேன். விரிசல் அந்த ஆணியிலிருந்துதான் கிளம்பி ஓடியிருக்கிறது.

செல்வியிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. நீங்க அடிச்ச மறுநாளே கீறல் விட்டுட்டாம். 'அவன் தானா செஞ்ச முத சாமான், குத்தம்னு தெரிஞ்சா உளியவே தூக்கிப் போட்டுருவான், நீ வாயத் தொறக்காத'ன்னு சொல்லி வச்சிருந்தா."

யாரைக் கேட்டு மறைத்தாய்? ஊரில் ஒவ்வொருவன் குறையையும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தவள் நீ. என் குறையை மட்டும் ஏன் மண்ணைப் போட்டு மூடினாய்? என்னை என்ன கண்ணாடிச் சாமான் என்று நினைத்தாயா?

அன்றைக்கே ஆணியைக் காட்டித் திட்டியிருந்தால் ஒரு வாரம் சோறு தின்னாமல் கிடந்திருப்பேன். அப்புறம் எழுந்து வந்து ஒழுங்கான கால் செய்து மாட்டியிருப்பேன். சண்டையே வந்திருக்காது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அவளே ஆள் அனுப்பட்டும்" என்று டீக்கடையில் உட்கார்ந்து வீம்பு பேசியிருக்க மாட்டேன். நீயும் ஆள் அனுப்பவில்லை. ஒரு ஆணிக்காக இத்தனை நாளைத் தொலைத்தோமே, இதற்கு எந்த ஆபீசில் மனு கொடுக்க?

புதுக் கால் மாட்டிவிட்டேன். துளை எடுத்து, மரமுளை அடித்து, துளி இரும்பு இல்லாமல். மேலே ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்தேன். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றின தம்ளரை வைத்துச் செல்வியை எழுதச் சொன்னேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சுரண்டின மண்ணைக் காகிதத்தில் மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன். கோவிலில் சேர்க்கட்டும். இந்த மேசைக்குள் அது திரும்ப வராது.

ஆணி என் சட்டைப் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில், உன்னைச் சொல்லி நான் எல்லோரையும் சிரிக்க வைத்த அதே டீக்கடை பெஞ்சில் அதை எல்லோர் முன்னாலும் வைத்து, "காலைக் கெடுத்தது எங்க அக்கா இல்ல, நான்" என்று சொல்லுவேன். இது சத்தியம். மண் பூசினது தப்புதான் என்பதையும் கூடவே சொல்லுவேன். அதில் என் பேச்சு மாறாது. நீ எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
நீ திட்டியிருக்க வேண்டிய உன் தம்பி.